குழந்தையின் கையில் இருக்கும் பொருள்

குழந்தைப் பருவத்தைச் சொல்லும் சிறுகதை எதுவாக இருந்தாலும், அதற்குத் தமிழ் வகுப்பறையில் ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கிறது: ‘குழந்தைகளின் கள்ளங்கபடமற்ற உள்ளம்.’ கல்லூரியில் தமிழ் கற்பித்த காலம் முழுவதும் சிறுகதைத் தாளின் விடைத்தாள்களில் இந்தத் தொடரை வாசித்திருக்கிறேன். கருப்பொருள் என்ன என்று கேட்டால் இந்த ஒரு வரி. குறியீடு என்ன என்று கேட்டால் ஒரு சமன்பாடு: கதவு என்றால் பாதுகாப்பு, டைரி என்றால் அன்பு, ஆல்பம் என்றால் பொறாமை. கைடு புத்தகம் அப்படித்தான் சொல்லித்தருகிறது. அப்படி எழுதினால் மதிப்பெண்ணும் விழுகிறது. கதைதான் வாசிக்கப்படாமல் போகிறது.

அதே கதைகளை ஆண்டுதோறும் புதிய மாணவர்களோடு வாசித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது வேறு. தமிழின் சிறந்த குழந்தைப் பருவக் கதைகள் கள்ளமின்மையைப் பற்றியவை அல்ல. அவை மானத்தைப் பற்றியவை. பெரியவர்களுக்குச் சம்பளமும் வீடும் பட்டமும் பதவியும் இருக்கின்றன. அவமானம் நேர்ந்தால் ஒதுங்க ஓரிடம் இருக்கிறது. குழந்தைக்குச் சொந்தமென்று எதுவும் இல்லை. உடுப்பது, உண்பது, படிப்பது எல்லாமே யாரோ கொடுத்தவை. அதனால் ஒரு குழந்தை ஒரு பொருளைத் தன்னுடையது என்று சொல்லும்போது தன் மானம் முழுவதையும் அதில்தான் வைத்திருக்கிறது. குழந்தைக் கதைகளில் சின்னஞ்சிறு பொருள்கள் அவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. இந்தக் கதைகளில் குறியீட்டைத் தேட வேண்டிய இடமும் அதுவே.

பல்கலைக்கழகம் வைத்த பாடத்தொகுப்புக்கு வெளியே, வகுப்பில் வாசிப்பதற்கென்று குழந்தைப் பருவக் கதைகளை மட்டும் திரட்டி ஜெராக்ஸ் எடுத்து ஒரு தொகுப்பு வைத்திருந்தேன். கதைகள் சேரும், விலகும். நான்கு கதைகள் மட்டும் ஒருபோதும் விலகியதில்லை: கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘அன்பளிப்பு’, கி. ராஜநாராயணனின் ‘கதவு’, சுந்தர ராமசாமியின் ‘ஸ்டாம்பு ஆல்பம்’. முதல் இருவரும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்ற கரிசல் ஊரில் பிறந்து நண்பர்களாக வளர்ந்தவர்கள். 1923இல் பிறந்த அழகிரிசாமி 1970இல், 47 வயது நிறையும் முன்பே மறைந்தார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கு அந்த ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது அதை வாங்க அவர் இல்லை. சுந்தர ராமசாமி நாகர்கோவில்காரர். மூவரும் தென்கோடிக்காரர்கள், ஏறக்குறைய ஒரே தலைமுறை. அவர்கள் கதைகளில் வரும் குழந்தைகள் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். முதல் வாசிப்பில் யாரும் ‘குறியீடு’ என்ற சொல்லை எடுக்கக் கூடாது. கதையை ஆளுக்கொரு பகுதியாக உரக்க வாசிப்போம். வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் நோட்டில் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கதையில் வரும் பொருள்கள் என்னென்ன? தொடக்கத்தில் அது யார் கையில் இருந்தது? முடிவில் யார் கையில் இருக்கிறது? இடையில் கொடுத்தார்களா, கேட்டு வாங்கினார்களா, பிடுங்கினார்களா, திருடினார்களா? அது கைமாறியதை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? இவ்வளவுதான். இதில் எதற்கும் இலக்கியக் கோட்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதையைக் கவனமாக வாசித்திருந்தால் போதும். கட்டம் நிரம்பியதும் கருப்பொருள் தானாகப் பேசத் தொடங்கிவிடும்.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பணக்கார வீட்டுப் பையன் ராமசாமிக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளான செல்லையா, தம்பையா, மங்கம்மாளுக்கும் இடையே நடக்கும் போட்டியில்தான் கதை தொடங்குகிறது. புத்தகத்தில் யாரிடம் படம் இருக்கிறது என்று தொடங்கிய போட்டி, யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று வளர்கிறது. ராமசாமி தன் சில்க் சட்டையைச் சொன்னால், அது சீக்கிரம் கிழிந்துபோகும் என்று இவர்கள் அதைத் தட்டிவிடுகிறார்கள். கள்ளமற்ற உள்ளம் என்று எழுதும் மாணவர்களை இந்த இடத்தில் நிறுத்தி, “இதில் கள்ளமின்மை எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்பேன். காட்ட முடியாது. இது சொத்துத் தகராறு. பெரியவர்கள் கோர்ட்டில் வாதாடுவதைக் குழந்தைகள் தெருவில் வாதாடுகிறார்கள். இல்லாதவர்கள் இருப்பவனுக்கு ஒரு சொல்லும் விட்டுக்கொடுக்காமல் ஈடுகொடுக்கிறார்கள். இது மானம்.

தீபாவளி நெருங்குகிறது. உடம்பெல்லாம் புண்ணாக, எச்சில் இலைச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும் ஓர் அநாதைச் சிறுவன் அந்த ஏழை வீட்டுக்கு வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. தாய் தாயம்மாள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பண்டிகைக்கு அவனுக்கு உடுத்தத் துணி இல்லை. வீட்டில் இருப்பது தன் கணவனுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த துண்டு ஒன்றுதான். தாய் தயங்கும்போது அதை அவனுக்குக் கொடுக்கச் சொல்பவள் மகள் மங்கம்மாள். இங்கே கட்டத்தை நிரப்பினால் ஒன்று தெளிவாகும். கதையில் துணி இருமுறை வருகிறது. முதல் முறை அது போட்டிக்கான பொருள். யாரிடம் இருக்கிறது என்று காட்டுவதற்கு. இரண்டாம் முறை அது கைமாறும் பொருள். இல்லாத வீட்டிலிருந்து, அதைவிட இல்லாத ஒருவனுக்குப் போவதற்கு. போட்டியில் வாயாடிய அதே வீட்டுப் பெண்தான் கொடுக்கவும் சொல்கிறாள். மானமும் ஈகையும் ஒரே குழந்தைக்குள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் பாராட்டினால் மங்கம்மாள் காணாமல் போய்விடுவாள்.

இந்தத் துண்டைப் பற்றிப் பேசியபோது சாத்தூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்தார். “அம்மா, எங்க வீட்டுல தீபாவளிக்குத் துணி எடுக்கிறதுல கடைசி ஆள் அப்பாதான். எங்களுக்கு எடுத்து மிச்சம் இருந்தா அப்பாவுக்கு ஒரு துண்டு. அதையும் கொடுத்துட்டா அந்த வீட்டுல கொடுக்கிறதுக்கு வேற ஒண்ணும் கிடையாது” என்றார். கைடு புத்தகம் ‘துண்டு = இரக்கம்’ என்று எழுதும் இடத்தில், துண்டின் விலையை அவர் சொல்லிவிட்டார். குறியீட்டுக்கு விலை உண்டு. அதை இழப்பதால் யாருக்கு என்ன இல்லாமல் போகிறது என்று கணக்குப் பார்க்காமல் அதன் பொருளைச் சொல்ல முடியாது.

கதையின் கடைசியில் ராமசாமி தன் வீட்டுக்கு வந்திருக்கும் ராஜாவைப் பற்றிப் பெருமை பேசுகிறான். அவர் ஜமீன் குடும்பத்து மாப்பிள்ளை, அவனுடைய அக்காளின் கணவர். மங்கம்மாள் தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகப் பதில் சொல்கிறாள். முதல் பக்கத்தில் தொடங்கிய போட்டி இங்கேதான் முடிகிறது. அவள் வாதத்துக்காகச் சொல்லவில்லை; அவள் வீட்டில் உண்மையாகவே ஒரு ராஜா இருக்கிறான். பெயரே குறியீடாகி நிற்கும் இந்த முடிவுக்குத் தேவையான எல்லாவற்றையும் தெருச் சண்டையிலிருந்தே அழகிரிசாமி சேர்த்துவைத்திருக்கிறார். குறியீடு வெளியிலிருந்து வந்து ஒட்டவில்லை.

‘அன்பளிப்பு’ கதையில் பொருள் ஒரு டைரி. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் வீட்டுக்குப் புத்தகம் வாங்க வரும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் கதை. அவர் அந்தக் குழந்தைகளிடம் உண்மையான பிரியம் உள்ளவர். தன்னை ஒரு பெரிய மனிதராக நினைத்துக்கொண்டு பேசாதவர். புத்தாண்டுக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். ஸாரங்கன் என்ற பையனுக்குக் கொடுக்கவில்லை. அவன் விடுபட்டது அவர் மனத்தில் உறைக்கவும் இல்லை. முன்பொரு முறை, பெரியவர்கள் படிக்கும் கவிதைப் புத்தகம் ஒன்றை அவன் கேட்டபோதும் உனக்குப் புரியாது என்று தள்ளிவிட்டவர். பிறகு ஸாரங்கன் அவரை வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கிறான். எல்லாம் முடிந்ததும் ஒரு டைரியை எடுத்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்கிறான்.

இந்தக் கதைக்கு நான் வைக்கும் சோதனை மாற்றுச் சோதனை. டைரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேனாவையோ மிட்டாய்ப் பொட்டலத்தையோ வைத்துப் பாருங்கள். கதை நிற்குமா? மிட்டாய் தின்றால் தீர்ந்துபோகும். பேனாவில் ஒரு வரி எழுதித்தர இடம் இல்லை. அந்த வீட்டிலிருந்து குழந்தைகள் எடுத்துப்போகும் கதைப்புத்தகம்கூட இரவல்தான். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டைரி ஒன்றுதான் முதல் பக்கத்தில் கொடுத்தவர் எழுத்தோடு வந்து, பெற்றவனிடமே தங்குவது. ஸாரங்கனுக்கு வேண்டியது அந்தத் தாள்கள் அல்ல. தாள்களை அவன் தானே தேடிக்கொண்டுவிட்டான். தன் பெயரும் அவர் பிரியமும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் அவனால் தேடிக்கொள்ள முடியவில்லை.

ஒரு வகுப்பில் இதைப் பற்றி நடந்த விவாதம் இன்றும் நினைவிருக்கிறது. “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? எனக்கும் ஒரு டைரி கொடுங்கன்னு அவர் வீட்டுலயே கேட்டிருக்கலாமே” என்றார் ஒரு மாணவி. “கேட்டு வாங்கினா அது எப்படி அன்பளிப்பாகும்?” என்றார் பக்கத்தில் இருந்தவர். உடனே மூன்றாவது குரல்: “கடைசியில கேட்டுத்தானே எழுதி வாங்கினான்?” வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. பொருளைக் கேட்பது பிச்சை, அதனால் அவன் அதைக் கேட்கவில்லை என்றார்கள் சிலர். எழுத்தைக் கேட்பது உரிமை, அதனால் கேட்டான் என்றார்கள் வேறு சிலர். மணி அடித்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. ஸாரங்கன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வி ‘டைரி = அன்பு’ என்ற சமன்பாட்டுக்குள் எழவே எழாது. பொருள் எப்படிக் கைமாறியது என்று பின்தொடர்ந்து போனதால்தான் எழுந்தது.

இந்தக் கதையில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். கதையைச் சொல்வது பெரியவரின் ‘நான்’. குழந்தைகள் மீது தனக்கு இருக்கும் பிரியத்தை அவர் நிறையவே சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு நடுவில்தான் ஸாரங்கன் விடுபட்டுப்போகிறான். நாமும் அவர் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வருவதால் நமக்கும் அவன் தெரிவதில்லை. கடைசியில் டைரி நீட்டப்படும்போது அவரோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம். அன்பு குறைந்ததால் நேர்ந்த அவமானம் அல்ல இது. அன்புள்ளவரின் கணக்கில் ஒரு பெயர் விட்டுப்போனதால் நேர்ந்தது. குழந்தைகளை நேசிப்பவர்கள் என்று தம்மை நினைத்துக்கொள்ளும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தக் கதையை ஆண்டுக்கு ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

‘கதவு’ கதையில் பொருள் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து தங்கள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி, டிக்கெட் கொடுத்து, ஏறி ஆடி விளையாடுகிறார்கள். அந்தக் கதவில் தீப்பெட்டிப் படம் ஒன்றை லட்சுமி ஒட்டிவைத்திருக்கிறாள். அப்பா கூலி வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். தீர்வை பாக்கி நிற்கிறது. தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. பிறகு ஒருநாள், சாவடிப் பக்கம் கேட்பாரற்றுக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஜப்தி என்றால் பாத்திரம் பண்டங்களை எடுத்துப்போவதுதான் கிராமத்தில் வழக்கம். மாற்றுச் சோதனையை இங்கேயும் வைப்போம். தலையாரி ஒரு அண்டாவையோ குடத்தையோ தூக்கிப் போயிருந்தால்? அந்த வீட்டில் எடுப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை என்பது கி.ரா. சொல்லாமல் சொல்லும் முதல் செய்தி. இரண்டாவது, அண்டா போனால் குழந்தைகளின் விளையாட்டு போகாது. குளிர் உள்ளே வராது. தெருவில் போகிற நாலு பேர் கண்ணுக்கு வீடு திறந்து கிடக்காது. கதவு ஒரே சமயத்தில் மூன்று வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு வண்டி, சிசுவுக்கு உயிர்க்காப்பு, தாய்க்கு வீட்டின் மானம். ஒரு கதவைக் கழற்றினால் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. ‘கதவு = பாதுகாப்பு’ என்று எழுதுபவர் மூன்றில் ஒன்றைத்தான் எழுதுகிறார். அதிலும் கதையின் முதல் பக்கத்தை முழுக்க விட்டுவிடுகிறார். கதையைத் தொடங்கிவைப்பது விளையாட்டு. அதை விட்டால், கடைசியில் அந்தப் பிள்ளைகள் மரப்பலகையை ஏன் கட்டிக்கொள்கிறார்கள் என்பது விளங்காது. பிரிந்த தோழன் கிடைத்துவிட்டான் என்றுதான் கட்டிக்கொள்கிறார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் அந்தத் தீப்பெட்டிப் படத்தைப் பற்றிப் பேசினார். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலால் வாழ்ந்தது. விடியும் முன்னே ஊர் ஊராகப் பஸ் வந்து பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போன காலம் அங்கே இருந்தது. “எங்க அம்மா சின்னப்பிள்ளையில தீப்பெட்டி ஆபீஸ் பஸ்லதான் போனாங்க. லட்சுமிக்கு பஸ்ஸும் தீப்பெட்டியும் விளையாட்டு. எங்க அம்மாவுக்கு ரெண்டுமே வேலை” என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது.

குறியீட்டை ஆராய்பவர் மிகுந்த நிதானத்தோடு நடந்துகொள்ள வேண்டிய இடம் இது. அந்த மாணவி சொன்னது உண்மை. ஆனால் அது கி.ரா. எழுதிய கதைக்குள் இல்லை. லட்சுமியின் தீப்பெட்டிப் படம் குழந்தைத் தொழிலாளரைக் குறிக்கிறது என்று கட்டுரையில் எழுதினால் பிழையாகிவிடும். அவர் சொன்னதை இது பாடத்துக்கு வெளியே என்று தள்ளினாலோ அதைவிடப் பெரிய பிழை. நோட்டில் இன்னொரு கட்டம் போடச் சொன்னேன்: ‘கதை தருவது’ ஒரு பக்கம், ‘நான் கொண்டுவருவது’ மறுபக்கம். இரண்டையும் எழுத வேண்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. அந்த வழக்கம் அதன்பின் என் எல்லா வகுப்புகளிலும் நிலைத்துவிட்டது. ஆய்வு மாணவர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருந்தால் அந்த வாசகருக்குக் கதை இன்னும் உறைக்கவில்லை. முதல் பக்கம் காலியாக இருந்தால் அவர் கதையைப் படிக்கவே இல்லை.

‘ஸ்டாம்பு ஆல்பம்’ கதையில்தான் கள்ளமற்ற உள்ளம் என்ற வாய்பாடு முற்றாக உடையும். ராஜப்பா அலைந்து திரிந்து, பண்டமாற்றுச் செய்து, ஒவ்வொன்றாகச் சேர்த்த தபால்தலைகள் அவன் ஆல்பம். அதைப் பார்க்கத்தான் பையன்கள் கூடுவார்கள். ஒருநாள் நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா ஓர் ஆல்பம் அனுப்பிவைக்கிறார். உழைப்பில்லாமல், முழுசாக, தபாலில் வந்து இறங்குகிறது. அன்றோடு ராஜப்பாவின் ஆல்பத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தென்மாவட்டங்களில் சிங்கப்பூர், மலேயா உறவு உள்ள வீடுகளில் பார்சல் வந்து இறங்கும் நாளின் மதிப்பு மாணவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பார்சல் வராத வீட்டுப் பிள்ளையின் நிலையும் தெரியும்.

ராஜப்பா அந்த ஆல்பத்தைத் திருடுகிறான். போலீஸ் வரும் என்ற பயத்தில் அதை அடுப்பு நெருப்பில் போட்டுவிடுகிறான். பிறகு, ஆல்பத்தை இழந்து அழும் நாகராஜனிடம் தன் சொந்த ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். பொறாமை கூடாது என்ற நீதியோடு வகுப்பை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். கட்டத்தை நிரப்பிப் பார்த்தால் கதை அதோடு முடியாது. இரண்டு ஆல்பங்களில் ஒன்று சாம்பல். மற்றது கைமாறிவிட்டது. திருடியவன் கையில் எதுவும் இல்லை. அவன் ஏன் கொடுக்கிறான் என்று வாங்கிக்கொள்பவனுக்குத் தெரியாது. ராஜப்பாவால் சொல்லவும் முடியாது. அவன் செய்த குற்றத்துக்குச் சாட்சி கிடையாது, தண்டனை கிடையாது, ஒப்புதல் வாக்குமூலமும் கிடையாது. தனக்குள் ஒரு நீதிமன்றத்தை அமைத்து, தீர்ப்பெழுதி, தன்னிடம் இருந்ததில் ஆகப் பெரியதை அபராதமாகக் கட்டுகிறான். மானம் போனதால் திருடியவன், மானத்தோடு இருப்பதற்காகக் கொடுக்கிறான். இவ்வளவு நுட்பமான தார்மீகக் கணக்கைப் போடும் ஒரு மனத்தைக் கள்ளமற்றது என்று சொன்னால் அதைச் சிறுமைப்படுத்துகிறோம். கள்ளம் தெரிந்த, அதனால் வலிக்கிற, அதைத் தானே சரிசெய்யத் துணிகிற மனம் அது.

நான்கு கதைகளின் கட்டங்களையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்று துலங்கும். ஒரு பொருள் கொடுக்கப்படுகிறது, ஒன்று எழுதி வாங்கப்படுகிறது, ஒன்று பிடுங்கப்படுகிறது, ஒன்று திருடப்பட்டு இன்னொன்றால் ஈடுசெய்யப்படுகிறது. கைமாறும் விதம் நான்காக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழந்தை மற்றவர்களுக்குச் சமமாக எண்ணப்படுகிறதா? கூடவே இன்னொன்றும் தெரியும். கதையில் வரும் பெரியவர்களில் யார் அந்தப் பொருளைக் குழந்தையின் கண்ணால் பார்க்கிறார்கள்? தலையாரிக்குக் கதவு வரிபாக்கி. பத்திரிகைக்காரருக்கு டைரி புத்தாண்டுச் சம்பிரதாயம். ராஜப்பாவைச் சுற்றியுள்ள பெரியவர்களுக்கு எதுவுமே தெரியாது. நான்கு கதைகளிலும் சரியாகப் பார்ப்பவள் தாயம்மாள் ஒருத்திதான். அவளுக்கும் மகள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ் படித்த மாணவர்களுக்குக் குறியீட்டைக் கற்பிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது அவர்களின் பலத்திலிருந்து வருவது. சங்கப் பாடல்களை உள்ளுறை கண்டு படித்துப் பழகியவர்கள் அவர்கள். மருதத்தில் எருமை தாமரையை மிதித்து உழக்கினால், அது பரத்தையிடம் போன தலைவன் செயல் என்று உடனே சொல்லிவிடுவார்கள். தெய்வம் நீங்கலான, திணைக்குரிய கருப்பொருள்களைக் கொண்டு உள்ளுறை அமையும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. புலவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான ஒரு மரபு அங்கே முன்கூட்டியே இருக்கிறது. திணை தெரிந்தால் பாதிப் பொருள் தெரிந்துவிடும். அதே பழக்கத்தோடு சிறுகதைக்கு வருபவர் கதவுக்கு ஒரு பொருள், டைரிக்கு ஒரு பொருள் என்று தேடுகிறார். சிறுகதைக்கு அப்படிப்பட்ட பொது மரபு கிடையாது. டைரி இன்னொரு கதையில் வேவு பார்க்கும் கருவியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கதையும் தன் பொருளுக்கு உரிய அர்த்தத்தைத் தன் பக்கங்களுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளுறையைப் படித்த கண், நிலத்தில் இருக்கும் சின்னப் பொருளையும் விடாமல் பார்க்கக் கற்றிருக்கிறது. அந்தக் கூர்மையை வைத்துக்கொண்டு, முன்முடிவை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வேன்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. கட்டம் போடப் பழகிய சிலர் கதையில் வரும் எல்லாவற்றையும் குறியீடாக்கத் தொடங்குவார்கள்: காபி டம்ளர், திண்ணை, பல்பம், செருப்பு. எதை எடுத்துவிட்டால் கதை நடக்காதோ அதுவே குறியீடு, மற்றதெல்லாம் வாழ்க்கை என்று நான் வரையறுத்துக்கொண்டேன். கதையில் வாழ்க்கைக்கும் இடம் வேண்டும். ராமசாமியின் சில்க் சட்டை இல்லாமல் அந்தக் கதை நடக்காது. ஸாரங்கன் வீட்டுச் சிற்றுண்டி என்னவாக இருந்தாலும் நடக்கும்.

குழந்தைகள் வரும் எல்லாக் கதைகளுக்கும் இந்த வழி பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். புதுமைப்பித்தனின் ‘மகாமசானம்’ கதையில், சென்னையின் பரபரப்பான சாலையோரம் ஒரு பிச்சைக்காரன் சாகக் கிடக்கிறான். தகப்பன் மாம்பழம் வாங்கப் போன நேரத்தில் ஒரு குழந்தை அவன் அருகே நிற்கிறது. அங்கே குழந்தையின் மானம் கேள்வியில் இல்லை. நகரத்தின் மானம்தான் இருக்கிறது. குழந்தை அங்கே சாட்சி. அந்தக் கதைக்குக் கேட்க வேண்டிய கேள்வி, பொருள் யார் கைக்குப் போனது என்பதல்ல. யார் நின்று பார்த்தார்கள் என்பது. கதை எந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறதோ அதைக் கேட்பதுதான் ஆய்வு.

இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த பெரிய நிறைவு, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் இந்தக் கதைகளுக்கு உரை சொன்னதைக் கேட்டதுதான். துண்டின் விலையும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸும் எந்தத் திறனாய்வு நூலிலிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘கள்ளங்கபடமற்ற உள்ளம்’ என்ற ஒற்றை வரி அவர்களை வாய்திறக்க விடாது. ஏனென்றால் தங்கள் குழந்தைப் பருவம் அப்படி இருக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதில் பசியும் போட்டியும் வெட்கமும் திருட்டும் இருந்தன. அதனூடே பெருந்தன்மையும் இருந்தது. அழகிரிசாமியும் கி.ரா.வும் சுந்தர ராமசாமியும் அதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இக்கதையின் கருப்பொருளையும் குறியீட்டையும் விளக்குக’ என்ற கேள்வியை இனி கைவிடுங்கள். ‘இக்கதையில் ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, அதனால் யாருக்கு என்ன நேர்கிறது?’ என்று கேளுங்கள். கைடு புத்தகத்தில் இதற்கு விடை இருக்காது. கதையைப் படித்தவரே எழுத முடியும். படித்த ஒவ்வொருவரும் வெவ்வேறு விடை எழுதுவார்கள். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.